முந்நூற்று ஒன்பது மில்லிமீற்றர்

கூட்டம் பின்னேரம் மூன்று மணிக்குத்தான். காலை ஏழு மணிக்குள்ளேயே ஞானேஸ்வரி தான் உடுக்கப்போகும் சேலையை மூன்று தடவை மாற்றி எடுத்து வைத்துவிட்டாள்.

"இஞ்சருங்கோ, வானம் கிடக்கிற கிடையைப் பாத்தனீங்களே? இண்டைக்கு ஆர் வரப்போகினம்?" என்று குசினிக்குள் இருந்தபடி கேட்டாள்.

படலைக்கும் வாசலுக்கும் இடையே நடந்துகொண்டிருந்த அவளுடைய கணவர் நல்லதம்பி ஒரு கணம் நின்றார். "வாறவை வருவினம்" என்றார். பிறகு மறுபடியும் நடந்தார்.

இரண்டு கிழமையாக இந்த வீட்டில் ஒருவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. வவுனியாவில் அச்சாகி வந்த நல்லதம்பியின் புத்தகம்தான் காரணம். 'மழை மாறவில்லை' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார். அதன் வெளியீடுதான் இன்றைக்கு.

தேயிலை மலையிலிருந்து எழுபத்தேழில் வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. முதிரையடிக்குளத்தில் கூலியாகச் சேர்ந்து, குளத்துப் பொறுப்பாளராக ஓய்வுபெற்றவர். முப்பத்துமூன்று வருடம் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து அளவைக் குறிப்புக் கொப்பியில் எழுதியவர். இடம்பெயர்ந்து ஓடிய வருடங்களில் மட்டும்தான் அந்தக் கொப்பியில் பக்கங்கள் வெறுமையாக இருந்தன.

ஓய்வுக்குப் பிறகு அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காலநிலை பற்றிய புத்தகங்களாக வாசித்தார். உலகம் சூடாவதற்கு மனிதன் எரிக்கிற எண்ணெயும் நிலக்கரியும்தான் காரணம் என்று சில புத்தகங்கள் சொல்லின. இல்லை, சூரியன் கூடுவதும் குறைவதும்தான் காரணம், மனிதன் வெறும் துரும்பு என்று வேறு சில சொல்லின. இரண்டு பக்கத்தையும் பென்சிலால் கோடிட்டு வாசித்த நல்லதம்பி, கடைசியில் இரண்டாவது பக்கத்தில் போய் நின்றுகொண்டார். தன் கொப்பிகளை ஆதாரமாக வைத்து நூற்று நாற்பது பக்கம் எழுதியும்விட்டார்.

அவருடைய மகள் தயாளினி விவசாயப் போதனாசிரியர். ஒட்டுசுட்டான் பக்கத்துக் கமக்காரருக்கு மூன்று போகமாக அவள் சொல்லிவருவது இதற்கு நேர் எதிரானது. மழை மாறிவிட்டது, விதைக்கிற நாளை மாற்றுங்கோ, மூன்று மாத நெல்லுக்கு வாருங்கோ என்று வயல் வயலாகத் திரிந்தவள். இப்போது வரம்பில் நின்று சிரிக்கிறார்கள். "உங்கட அப்பாவே எழுதிப்போட்டாராம் பிள்ளை, மாறேல்லை எண்டு."

அந்தப் புத்தகத்துக்கு ஆய்வுரை சொல்லப்போவதும் அவள்தான். நல்லதம்பியே கேட்டார். "நயவுரை சொல்ல ஊரில நாலு பேர் இருக்கினம். பிழை பிடிக்க நீதான் வேணும்" என்றார்.

இதற்கெல்லாம் அடியில், அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு நாள் கிடந்தது. ஆறு வருடத்துக்கு முந்திய கார்த்திகை வெள்ளத்தில் தயாளினியின் கணவன் ரூபன் இறந்துபோனான். நிறைந்த குளத்து நீரை வெளியே விடுகிற வான்கதவுகள் அன்று பிந்தித் திறக்கப்பட்டன. நாலும் ஒரேயடியாகத் திறக்கப்பட்டன. திறந்தவர் நல்லதம்பி. விசாரணை வந்தது, தண்டனை இல்லாமல் முடிந்தது. மகள் அப்பாவிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அப்பா ஒரு விளக்கமும் சொல்லவில்லை.

புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம் அந்த நாளைப் பற்றியது. தயாளினி ஆறாவது வரை வாசித்துவிட்டு எட்டாவதுக்குத் தாண்டியிருந்தாள். இன்று காலைதான், வேறு வழியில்லாமல், அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

எட்டு மணிக்கு லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தின் சத்தம் கேட்டது. தம்பி சதீஸ் புத்தகப் பெட்டிகளை ஏற்ற வந்திருந்தான். தகப்பனைப் பார்க்காத மாதிரி அவரைக் கடந்து, நேரே அக்காவின் அறைக்குள் வந்தான்.

"பெட்டியைக் கொண்டுபோய் மண்டபத்தில இறக்கிப்போட்டு நான் போயிடுவன் அக்கா. உள்ளுக்க வந்து இருக்கமாட்டன்."

"ஏன்?"

"பேரைப் பாத்தாலே விளங்குதே. மனுசரில பிழை இல்லை, எல்லாம் இயற்கை. அத்தான் செத்ததும் இயற்கை. அதைத்தானே மேடை போட்டுச் சொல்லப் போறார்?"

"நீ வாசிச்சனியோ?"

"வாசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?"

தயாளினி புத்தகத்தை அவன் பக்கம் திருப்பினாள். அவன் வாங்கவில்லை. அவளே வாசித்தாள்.

"அன்று காலை எட்டரை தொடக்கம் மறுநாள் எட்டரை வரை பெய்த மழை முந்நூற்று ஒன்பது மில்லிமீற்றர். தொண்ணூற்று மூன்றில் இதே குளத்தில் ஒரு நாளில் முந்நூற்றுப் பதினெட்டு பெய்தது. அதையும் அளந்தவன் நானே. அன்று ஒரு கோழிக்குஞ்சுகூடச் சாகவில்லை. ஆகவே வானத்தைக் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை. மழை மாறவில்லை. பிந்தியவன் மனிதன். அவன் பெயர் நல்லதம்பி."

சதீஸ் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். வெளியே செருப்புச் சத்தம் படலை வரை போய்த் திரும்பி வந்தது.

"இப்பிடியே எழுதியிருக்கிறார்?" என்றான் மெதுவாக.

"தப்புறதுக்கு எழுதினது எண்டு நானும் நினைச்சனான். இது தப்புற எழுத்தில்லை, தம்பி. ஊரைக் கூப்பிட்டு, தன்னைத் தானே நிறுத்தி வைக்கிறார்."

"அப்ப நீங்கள் என்ன பேசப்போறியள்? அவர் சொன்னது சரி எண்டோ?"

புத்தகம் சரி என்றால் ரூபன் சாவுக்கு அப்பா பொறுப்பு. புத்தகம் பிழை என்று காட்ட வேண்டுமானால், ஆறு வருடமாகத் தான் எட்டியும் பார்க்காத அந்த நாளின் மழைக்குள் அவள் போக வேண்டும்.

போவதற்கு வழியும் கைத்தொலைபேசியிலேயே இருந்தது. கிளிநொச்சியில் ஒரு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை செய்யும் சிநேகிதி யதுர்ஷிகாவிடம், ஆய்வுரைக்கென்று மழைத் தரவு கேட்டிருந்தாள். குளத்துக்கு மேற்பக்கக் காட்டோரம் பண்ணைக்காரர் பூட்டிய தானியங்கி மழைமானி ஒன்று உண்டு. மணிக்கு மணி தானே பதியும். தரவு திங்கட்கிழமையே வந்துவிட்டது. தயாளினி திறக்கவில்லை.

இப்போது திறந்தாள். தம்பியும் குனிந்து பார்த்தான்.

ஒன்பது மணிக்கு நாலு. பத்துக்குப் பதினொன்று. அதற்குப் பிறகு வந்த எண்களைப் பார்த்ததும் அவள் கதிரையை விட்டு எழுந்துவிட்டாள். பத்து மணியிலிருந்து ஒரு மணிக்குள் நூற்றுத் தொண்ணூறு.

"மூண்டு மணித்தியாலத்திலயோ?" என்றான் சதீஸ்.

அவள் புத்தகத்தைப் பின்னுக்குப் புரட்டினாள். மூன்றாம் அத்தியாயத்தில் தொண்ணூற்று மூன்றின் மழையைப் பற்றி அப்பா எழுதியிருந்தார். காலையில் தொடங்கி மறுநாள் விடியும்வரை ஒரே சீராகப் பெய்த மழை. முற்பகல் ஒரு கதவு, மத்தியானம் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று ஆறுதலாகத் திறந்தார்களாம்.

"அப்பா ஒரு நாளைக்கு ஒருக்கால்தான் அளந்தவர்" என்றாள். "அவற்ற கொப்பியில ரெண்டும் ஒரே மழை. ஆனா ரெண்டும் ஒரே மழை இல்லை."

யதுர்ஷிகாவுக்கு அழைப்பு எடுத்தாள்.

"இந்த ஒரு நாளை வைச்சு நான் மேடையில ஏதும் சொல்லலாமே?"

"ஒரு நாளை வைச்சுச் சொன்னா உன்னைக் கிழிச்சுப் போடுவினம்" என்றாள் யதுர்ஷிகா. "கீழ போய்ப் பார். பதினைஞ்சு வருசத் தரவும் அனுப்பியிருக்கிறன். மணிக்கு நாப்பதுக்கு மேல அடிச்ச மழை முதல் அஞ்சு வருசத்தில நாலு தரம். கடைசி அஞ்சு வருசத்தில பதினொரு தரம்."

"அது காணுமே?"

"தனிய எண்டால் காணாது. ஆனா வேற நாடுகளில இருந்து வாற தரவும் இதே பக்கம்தான் காட்டுது. பிடிச்சது பிடிக்காதது எண்டு பாக்காமல் உள்ளதைச் சொல்லு."

சதீஸ் போய்ப் பெட்டிகளை ஏற்றினான். போகும்போது தகப்பனுக்கு முன்னால் லாண்ட்மாஸ்ரரை நிறுத்தி, "ஏறுங்கோ அப்பா, மழை வரப்போகுது" என்றான். ஆறு வருடத்தில் அவன் அவரை வாகனத்தில் ஏறச் சொன்னது அதுதான் முதல் தடவை. நல்லதம்பி திகைத்துப்போய் மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏழாவது வாசிச்சிட்டியோ பிள்ளை?"

"ஓம்."

"அதைப் பற்றிப் பேசு. ஒளிக்காத."

மண்டபத்தில் எழுபது பேர் வரை கூடினார்கள். கமக்காரர், ஆசிரியர்கள், குளத்தில் கூட வேலை செய்தவர்கள். தலைமை வகித்த பிரேமிளா ரீச்சர் விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது, வாசலில் ஒரு சலசலப்பு.

விமலேஸ்வரி வந்துகொண்டிருந்தா. ரூபனின் தாய். மகன் போன பிறகு முரசுமோட்டையில் மகளோடு இருப்பவா. தயாளினி மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வருவாள். ஆனால் நல்லதம்பி இருக்கிற இடத்துக்கு அவா இந்த ஆறு வருடத்தில் வந்ததில்லை. யாரையும் பார்க்காமல் நாலாவது வரிசையில் இருந்தா. மடியில் குடை.

மேடையில் இருந்த நல்லதம்பி மேசை விரிப்பின் நுனியைப் பிடித்து மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தார்.

தயாளினி எழுதிக் கொண்டுவந்த தாள்களுடன் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்தாள். "இந்த நூலின் ஆசிரியர் எனது தந்தை என்பதால்..." என்று முறையான தமிழில் தொடங்கினாள். இரண்டு நிமிடம்கூட அது நிலைக்கவில்லை.

"எங்கட அப்பா பொய் எழுதேல்லை" என்றாள். "ஒவ்வொரு எண்ணும் உண்மை. ஆனா முடிவு பிழை. சூரியன்தான் காரணம் எண்டு எழுதியிருக்கிறார். சூரியன் கூடினதால சூடு எண்டால், பகல்தான் கூட ஏறவேணும். உலகம் முழுக்க அளந்து பாத்தால், பகலை விட இரவுதான் கூட ஏறியிருக்கு. உங்களுக்கே தெரியும், மாசியில விடியப்புறம் போர்த்தின போர்வையை இப்ப ஆர் எடுக்கிறியள்? நாங்கள் போர்க்கேல்லை. வானம் போர்த்திருக்கு. எண்ணெயும் கரியும் எரிச்ச புகையில வாற வாயுதான் அந்தப் போர்வை."

பின்வரிசையில் ஒரு கமக்காரர் எழுந்தார். "அப்ப தங்கச்சி, நாங்கள் விறகு எரிச்சதாலயோ எங்களுக்கு இந்தப் பாடு?"

"உங்கட அடுப்பால இல்லை ஐயா. பெரிய பெரிய நாடுகள் நூற்றைம்பது வருசமா எரிச்சது. எரிச்சது ஆரோ, நனைஞ்சது நாங்கள்."

சிரிப்பும் முணுமுணுப்பும் எழுந்தன. அவள் தாள்களை மேசையில் வைத்துவிட்டாள்.

"இனி ஏழாம் அத்தியாயம்."

மண்டபம் அடங்கியது. தகரக் கூரையில் முதல் துளிகள் விழத் தொடங்கின.

அவள் அந்த நாளின் மழையை மணி மணியாகச் சொன்னாள். தொண்ணூற்று மூன்றின் மழையையும் சொன்னாள். "ஒரு வாளித் தண்ணியை நாள் முழுக்கத் தோட்டத்துக்குத் தெளிக்கலாம். அதே வாளியை ஒரேயடியாக் கவிழ்க்கலாம். வாளியை அளந்தால் ரெண்டும் ஒண்டுதான். சூடான காற்று கூடுதலாத் தண்ணியைச் சுமக்கும். சுமந்ததை இறக்கேக்க ஊத்திப்போடும். இப்பிடியான மழை இஞ்ச கூடிக்கொண்டு வருது. அண்டைக்குப் பெய்ததும் அப்பிடி ஒரு மழை. அந்த மழைக்கு எங்கட குளத்தில ஒருத்தரும் பழக்கமில்லை. புத்தகம் சொல்லுது மழை மாறேல்லை, மனுசன்தான் பிந்தினவன் எண்டு. நான் சொல்லுறன், மழை மாறிப்போச்சு. அது தெரியாமல் பிந்தின ஒரு மனுசனைக் குற்றவாளி எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. அந்த வெள்ளத்தில போனது என்ர மனுசன். அதைச் சொல்லுற உரிமை எனக்கு இருக்கு."

கைதட்டல் எழவில்லை. ஞானேஸ்வரி முன்வரிசையில் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சுவரோரம் சதீஸ் நின்றான். போய்விடுவேன் என்றவன் போகவில்லை.

ஏற்புரைக்கு எழுந்த நல்லதம்பி ஒலிவாங்கியைத் தன் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை காட்டின எண்களை நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்" என்றார். "எட்டரைக்கு எட்டரை அளந்தவன் நான். இடையில என்ன நடந்தது எண்டு என்ர மழைமானி சொல்லேல்லை. நான் நூற்று நாப்பது பக்கத்தில எழுதினது பிழை எண்டு பிள்ளை பத்து நிமிசத்தில காட்டிப்போட்டாள். சந்தோசம். முன்னுக்குப் பிழை எண்டு ஒரு தாள் ஒட்டிப்போட்டுத்தான் இனி இந்தப் புத்தகம் ஆற்ற கைக்கும் போகும்."

அவருடைய பார்வை நாலாவது வரிசைக்குப் போனது.

"ஆனா நான் பிந்தினது உண்மை. பன்னிரண்டு மணிக்குத் திறந்திருக்கலாம். ஒண்டேகாலுக்குத்தான் திறந்தனான். அதுக்கு மழையைச் சாட்டமாட்டன். அவ்வளவுதான்."

கதிரையில் இருந்துவிட்டார்.

கூட்டம் முடிந்து தேநீரும் றோல்சும் கொடுக்கும்போது மழை கூரையைப் போட்டு அடித்தது. யாராலும் வெளியே போக முடியவில்லை. வாசலில் நின்ற ஆண்கள் வாய்க்காலை எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டுக்கு அழைப்பு எடுத்தார்கள். நல்லதம்பி மூலை மேசையில் இருந்து, புத்தகம் கேட்டவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பிழையான புத்தகம்தான் வேண்டும் என்று வரிசை கட்டி நின்றார்கள்.

தயாளினி தேநீரைக் கொண்டுபோய் விமலேஸ்வரியிடம் நீட்டினாள். "இவ்வளவு தூரம் எப்பிடி மாமி வந்தனீங்கள்?"

விமலேஸ்வரி தேநீரை வாங்கிக் கதிரையில் வைத்தா. குடிக்கவில்லை.

"நீ இண்டைக்கு அவரை விட்டுக்குடுக்காமல் பேசினாய். அதுக்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அது பாவம்" என்றா. "உன்ர கொப்பர் அந்த ஒரு மணித்தியாலம் ஏன் பிந்தினவர் எண்டு அந்தப் புத்தகத்தில இருக்கோ?"

"இல்லை மாமி."

"இராது. எழுதமாட்டார்." அவா குடையின் பிடியை இறுக்கிப் பிடித்தா. "அண்டைக்கு நீ எங்க போனனி?"

"தர்மபுரத்துக்கு. பயிற்சி வகுப்பு. மழை எண்டு வேளைக்கே விட்டிட்டினம்."

"வரேக்க எந்த வழியால வந்தனி?"

"கீழ் றோட்டால. குளத்துக்குக் கீழ்ப்பக்கப் பாலத்தால. ஒரு மணி இருக்கும். ஸ்கூட்டரின்ர கால் வைக்கிற தட்டு வரைக்கும் தண்ணி..."

தயாளினி நிறுத்திக்கொண்டாள்.

"பன்னிரண்டு மணிக்கு ரூபன் உனக்கு ஃபோன் எடுத்து எடுத்துப் பாத்தவன். உன்ர ஃபோன் வேலை செய்யேல்லை. பிறகு கொப்பருக்கு எடுத்தவன். நான் பக்கத்தில நிண்டனான். 'மாமா, தயா கீழ் றோட்டால வந்துகொண்டிருப்பாள். அவள் பாலத்தைக் கடக்குமட்டும் கதவைத் திறந்துபோடாதேங்கோ' எண்டு சொன்னவன். நீ பாலம் தாண்டினதை ஆரோ குளக்கட்டில நிண்டு பாத்துச் சொன்ன பிறகுதான் கொப்பர் திறந்தவர். அதுக்கிடையில குளம் தாங்காத அளவுக்கு வந்திட்டுது. நாலையும் ஒரேயடியாத் திறக்கவேண்டி வந்தது."

"ரூபன்..."

"நீ இன்னும் வந்து சேரேல்லை எண்டு தேடிக்கொண்டு வயல் பக்கத்தால இறங்கினவன், பிள்ளை. நீ பாலம் தாண்டி மேல வந்து சேர்ந்தது அவனுக்குத் தெரியாது. கதவால பாஞ்ச தண்ணி அந்த வயலுக்காலதான் வந்தது."

விமலேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டா.

"செத்தவீட்டில கொப்பர் என்ர காலடியில வந்து இருந்து ஒண்டுதான் கேட்டவர். 'தயாவுக்குத் தெரியக்கூடாது அக்கா, தெரிஞ்சால் அவள் உயிரோட இருக்கமாட்டாள்' எண்டு. அவற்ற முகத்தைப் பாத்தால் எனக்குச் சொல்லவேண்டி வந்திடும். அதாலதான் நான் அந்தப் பக்கம் வராமல் இருந்தனான். கோவத்தில இல்லை."

கையை விடுவித்துக்கொண்டு தயாளினி நடந்தாள். எங்கே போகிறோம் என்று தெரியாமல்தான் நடந்தாள். பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற சதீஸ், "என்னக்கா?" என்று கேட்டான். அவள் அவனைத் தாண்டிப் போய் வரிசையின் கடைசியில் நின்றாள். முன்னால் மூன்று பேர். பிறகு இரண்டு பேர். பிறகு ஒருவரும் இல்லை.

நல்லதம்பி குனிந்தபடியே அடுத்த பிரதியை எடுத்து முதல் பக்கத்தை விரித்தார்.

"ஆருக்கு எண்டு எழுத?"

அவர் நிமிர்ந்தார். மகளின் முகத்தைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், மண்டபத்தின் மறுகோடியில், குடையைப் பிடித்தபடி எழுந்து நின்ற விமலேஸ்வரியையும் பார்த்தார்.

பேனை கையிலிருந்து உருண்டு நிலத்தில் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"அவா சொல்லிப்போட்டாவோ?" என்றார்.